விருந்தினரும் வாடிக்கையாளரும்

இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டிருப்பது சுட்டு வீழ்த்தும் விளையாட்டையோ கார்ப் பந்தய விளையாட்டையோ அன்று. நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, இதுவரை எவரும் எழுதாத ஒரு கதையைத் தங்களுக்குள் பேசிப் பேசியே நடத்திச் செல்லும் பாத்திரமேற்பு விளையாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம். கதைசொல்லலின் ஒரு கிளை அது. கதைசொல்லி உள்ள இடத்தில் கேட்பவருக்கான ஒழுக்கம் என்று ஒன்றும் உண்டு. கேள்விக்கென்றே திருக்குறளில் ஓர் அதிகாரத்தை உடைய மொழியில் இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இணையத்தில் நடைபெறும் இத்தகைய விளையாட்டுகளைக் கூலி ஏதும் பெறாமல் நடத்தித் தருகிற தன்னார்வலர்களிடம், விளையாடுவோராகிய நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம், எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதை எழுதும் எங்களுக்கு இதில் ஒரு குற்றவுணர்வும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

அறியாதோருக்காக முதலில் சில விளக்கங்கள். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களில் ஒருவர் வீரனாவார், ஒருவர் மந்திரவாதியாவார், ஒருவர் திருடனாவார். எஞ்சிய ஒருவர் அந்த உலகத்தின் மற்ற எல்லாமும் ஆவார். கதவைத் தட்டினால் திறப்பவர் அவர்; திறந்ததும் கத்தியோடு பாய்பவரும் அவரே. மழை, சந்தை, அரசன், அரசனுக்கு எதிராகச் சதி செய்யும் அமைச்சன் எல்லாம் அவரே. அவரை 'டன்ஜன் மாஸ்டர்' என்றும் 'கேம் மாஸ்டர்' என்றும் அழைப்பர். நாம் ஆட்ட நடத்துநர் என்று வைத்துக்கொள்வோம். நடத்துநர் என்றதும் பேருந்து நடத்துநர் நினைவுக்கு வந்தால் பிழையில்லை. சில்லறைத் தகராறு முதல் சன்னலோர இருக்கைத் தகராறு வரை அனைத்துக்கும் நடுவில் நிற்பவர் அவர்; வண்டி தாமதமானால் தம் பிழையல்லாத பிழைக்குத் திட்டு வாங்குபவரும் அவர். ஒரே வேறுபாடு, பேருந்து நடத்துநருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு.

மேசையில் தொடங்கிய இக்கலை விரைவிலேயே கணினிக்குள் புகுந்தது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் ட்ரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் விளையாட்டு, பலர் ஒரே நேரத்தில் ஓர் எழுத்துலகில் நடமாட வழி செய்தது. படங்கள் இல்லை, சொற்கள் மட்டுமே. அதில் போதுமான புள்ளிகளைச் சேர்த்து உச்சிநிலையை எட்டியவர் 'விசார்ட்' ஆவார். பிற ஆட்டக்காரர்களுக்கு இல்லாத ஆற்றல்கள் அவருக்குக் கிடைக்கும். உலகத்தை மேற்பார்க்கும் பொறுப்பும் அவற்றோடு சேர்ந்தே வரும். ஆகவே இணைய உலகங்களின் முதல் காவலர்கள், அங்கே விளையாட வந்து தங்கிவிட்டவர்களே. வெளியிலிருந்து எவரும் அவர்களை நியமித்து அனுப்பவில்லை.

பின்னர் வந்த பெரிய வணிக விளையாட்டுகளும் இம்மரபைத் தொடர்ந்தன. 1997இல் வெளியான 'அல்டிமா ஆன்லைன்' விளையாட்டில், ஊதியம் பெறும் நடத்துநர்களுக்குக் கீழே 'கவுன்சிலர்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் பணியாற்றினர். புதியவர் வழி தெரியாமல் திகைத்தால் அவர்களே வந்து உதவுவார்கள். 1999இல் வெளியான 'எவர்குவெஸ்ட்' விளையாட்டில் இவர்களுக்கு 'கைடு' என்று பெயர். அதன் தொடக்க காலத்தில் ஒருவர் பாத்திரம் மாண்டால், அது சுமந்திருந்த உடைமைகள் மாண்ட இடத்திலேயே பிணத்தோடு கிடந்தன. வெறுங்கையோடு மீண்டெழுந்து, அதே ஆபத்தான இடத்துக்குத் திரும்பிச் சென்று அவற்றை எடுக்க வேண்டியிருந்தது. பல மாத உழைப்பு எங்கோ ஒரு பாதாளக் குழியில் சிக்கிக் கிடக்கையில், பாதி இரவில் உதவி கேட்டு மனுப் போடுகிறவரின் மனநிலை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த மனுவைப் பிரித்துப் படிப்பவர், பெரும்பாலும், பகலில் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் ஒரு தன்னார்வலர்.

2002இல் கனடாவின் பயோவேர் நிறுவனம் வெளியிட்ட 'நெவர்விண்டர் நைட்ஸ்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. விளையாட்டோடு கூடவே, உலகங்களைக் கட்டும் 'அரோரா' என்னும் கருவித்தொகுப்பையும், நடத்துநருக்கென்று தனியாக ஒரு மென்பொருளையும் தந்தது. எவரும் தம் சொந்தக் கணினியை வழங்கியாக்கி, தாமே கட்டிய உலகத்துக்குப் பிறரை அழைக்கலாம். நடத்துநர் கண்ணுக்குத் தெரியாமல் உலாவி, தேவைப்படும் பாத்திரத்துக்குள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்து, அதன் வாயால் பேசலாம். சந்தையில் மீன் விற்பவள் திடீரென்று நம் பெயர் சொல்லி அழைக்கும் அந்தக் கணத்தின் சிலிர்ப்பை அனுபவித்தவர்கள் அறிவார்கள். இரவும் பகலும் அணையாமல் இயங்கும் நிலையுலகங்கள் பல இவ்வாறு எழுந்தன. அனைத்தையும் கட்டியவர்களும் காத்தவர்களும் தன்னார்வலர்களே. 2018இல் இவ்விளையாட்டின் மேம்படுத்தப்பட்ட பதிப்பு வெளிவந்து, அம்மரபுக்குப் புத்துயிர் ஊட்டியது. 2012இல் தொடங்கிய 'ரோல்20' போன்ற தளங்களால், மேசை விளையாட்டையே உலகின் எந்த மூலையிலிருந்தும் கூடி ஆட முடிகிறது. கருவிகள் மாறினாலும் திரைக்குப் பின்னால் தன் நேரத்தைச் செலவிட்டு அமர்ந்திருக்கும் அந்த ஒருவர் மாறவில்லை.

*

இனி எங்கள் கதை.

2006ஆம் ஆண்டில் நாங்கள் நால்வர், நெவர்விண்டர் நைட்ஸ் உலகம் ஒன்றில் வாரந்தோறும் சனிக்கிழமை இரவுகளில் ஆடி வந்தோம். நடத்துநர் ஐரோப்பியர், முகம் பார்த்ததில்லை. அவருக்கு மாலை நேரமாக இருக்கும்போது எங்களுக்கு நள்ளிரவு. ஏரி நீரில் மூழ்கிப்போன ஓர் ஊரைத் தேடிச் செல்லும் நெடுங்கதையை எங்களுக்காகவே அவர் அமைத்திருந்தார். ஏறத்தாழ ஆறு மாதம் ஓடிய கதை.

ஒரு வாரம், கயிற்றுப் பாலம் ஒன்றைக் கடக்கையில் பகடை உருட்டச் சொன்னார். எங்களில் ஒருவரின் பாத்திரம் பள்ளத்தில் விழுந்தது. விதிப்படி இந்த இடத்தில் பகடைக்கே அவசியமில்லை என்று விழுந்தவர் வாதாடினார். விதிநூலின் மூன்றாம் பதிப்பு எங்களிடமும் இருந்தது; மற்ற மூவரும் அவரவர் பிரதியைப் புரட்டத் தொடங்கினோம். பக்க எண்களைச் சொல்லி வாதாடினோம். "இப்போதைக்குத் தொடர்வோம், முடிந்தபின் பேசலாம்" என்று அவர் இருமுறை எழுதினார். நாங்கள் விடவில்லை. எங்களில் ஒருவர், "விதி தெரியாமல் ஏன் நடத்த வருகிறீர்கள்?" என்றும் எழுதினார். அவ்வாறு எழுதியவர் யார் என்று நாங்கள் இன்றுவரை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. நால்வரும் அதைப் படித்தோம், எவரும் மறுக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் இப்படிக் கழிந்தது. அதன்பின், வேலை இருக்கிறது என்று சொல்லி அவர் விடைபெற்றார்.

அடுத்த சனி உலகம் திறக்கவில்லை. அதற்கடுத்த வாரம் நான்கு வரியில் ஒரு மடல் வந்தது. தமக்கு நேரம் போதவில்லை என்றும், தாம் கட்டிய உலகத்தின் கோப்பை இணைத்திருப்பதாகவும், விரும்பினால் வேறு யாரேனும் நடத்தலாம் என்றும் எழுதியிருந்தார். எங்களைக் குறைகூறும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை.

சில மாதங்கள் கழித்தே அந்தக் கோப்பை அரோராவில் திறந்து பார்த்தோம். பாலத்துக்கு அப்பால் முழு ஊரும் இருந்தது. பதினேழு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர். ஒவ்வொருவருக்கும் எழுதி முடித்த உரையாடல். எங்கள் நால்வரின் பாத்திரங்களின் பெயர்களும் அவ்வுரையாடல்களில் இருந்தன. விளையாட்டு தொடங்கிய முதல் வாரத்தில், தன் பாத்திரம் தாயாரின் பித்தளை விளக்கைத் தொலைத்துவிட்டதாக எங்களில் ஒருவர் போகிற போக்கில் சொல்லியிருந்தார். சொன்னவரே அதை மறந்துவிட்டார். ஊரின் கடைசி வீட்டு மாடத்தில் அந்த விளக்கு இருந்தது. அதைக் கையில் எடுத்தால் என்ன தெரியும் என்று நான்கு வரி எழுதி வைத்திருந்தார். பாலத்திலிருந்து பள்ளத்தில் விழுந்தது, அந்த விளக்கைத் தொலைத்தவரின் பாத்திரம்தான். பள்ளத்தின் அடியில் ஒரு சுரங்க வழி இருந்தது. அது நேராக அந்த வீட்டுக்குச் சென்றது.

அவர் எங்களால்தான் விலகினார் என்று உறுதியாகச் சொல்ல எங்களிடம் சான்றில்லை. உண்மையிலேயே நேரம் போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஒன்றேகால் மணி நேரமும் அவர் தந்த நேரம்தான் என்பது மட்டும் உறுதி.

*

எங்களைப் போன்றோர், நேரில் பழகினால் பண்பாகவே நடந்துகொள்கிறவர்கள், அங்கே ஏன் அப்படி நடந்துகொள்கிறோம்? திரைக்குப் பின்னால் முகம் தெரியாததுதான் காரணம் என்பது வழக்கமான விடை. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் எங்கள் எண்ணத்தில் அதனினும் ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. நாம் விருந்தினராக அமர்ந்திருக்கும் வீட்டில் வாடிக்கையாளராக நடந்துகொள்கிறோம்.

விளையாட்டு வட்டை விலை கொடுத்து வாங்கினோம். மாதச் சந்தா கட்டுகிறோம். ஆகவே சேவையில் குறையிருந்தால் உரக்கக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்ற எண்ணம் வேரூன்றிவிடுகிறது. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த இடம் வேறு, நம் கோபம் போய்ச் சேரும் இடம் வேறு என்பதை மறந்துபோகிறோம். உணவகத்தில் உப்புக் குறைந்தால் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நண்பர் வீட்டுப் பந்தியில் இலையைத் தள்ளிவைத்துவிட்டு உப்பைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் பேசுவோமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். நிறுவனங்கள் கொள்ளை இலாபம் ஈட்டிக்கொண்டு, கூலி கொடுக்க வேண்டிய வேலையைத் தன்னார்வம் என்ற பெயரில் இலவசமாக வாங்கிக்கொள்கின்றனவே, அந்தச் சுரண்டலுக்கு நன்றியுணர்ச்சி என்ற மெருகையும் நாமே பூச வேண்டுமா என்பது அது. இம்மறுப்பை நாங்கள் எளிதில் ஒதுக்கவில்லை. இதற்கு வரலாறே உண்டு. அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் அரட்டை அறைகளையும் பிற பகுதிகளையும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் மேற்பார்த்து வந்தனர். மணிக்கு இவ்வளவு என்று இணையக் கட்டணம் வாங்கிய காலத்தில், அவர்களுக்குக் கைம்மாறாகக் கிடைத்த இலவச நேரம் மதிப்புள்ள பொருளாக இருந்தது. 1996 இறுதியில் அந்நிறுவனம் மாதத்துக்கு ஒரே கட்டணம் என்று மாற்றியதும் அந்த மதிப்பு கரைந்தது. வேலை மட்டும் அப்படியே நின்றது. 1999இல் தன்னார்வலர் சிலர் குறைந்தபட்ச ஊதியம் கோரி வழக்குத் தொடுத்தனர். 2010இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு அது சமரசத்தில் முடிந்தது. அல்டிமா ஆன்லைன் கவுன்சிலர்கள் சிலரும் 2000ஆம் ஆண்டில் கொலராடோவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் இதே போன்ற வழக்கைத் தொடுத்தனர். அதுவும் பின்னர் சமரசத்தில் முடிந்தது.

இவ்வழக்குகள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஒருவரின் நேரத்தை அட்டவணை போட்டு, கண்காணித்து, அறிக்கை கேட்டு வாங்கிக்கொள்ளும் நிறுவனம், அதைத் தன்னார்வம் என்று அழைத்துத் தப்பிக்க முடியாது. ஆனால் இதிலிருந்து ஆட்டக்காரர்களாகிய நமக்கு வரும் முடிவு என்ன? நிறுவனம் அவரைச் சுரண்டுகிறது என்றால், நாமும் நம் பங்குக்கு அவரை வதைக்க வேண்டும் என்பதா? கூலி இல்லாதவரிடம் கூலிக்காரரிடம் காட்டுவதைவிடக் கூடுதல் அதிகாரம் காட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. நிறுவனத்தின்மீது குறையிருந்தால் நிறுவனத்துக்கு எழுதலாம், சந்தாவை நிறுத்தலாம். நள்ளிரவில் நம் மனுவுக்கு விடை எழுதும் மனிதரிடம் அந்தக் கணக்கைத் தீர்ப்பது கோழைத்தனம். நெவர்விண்டர் போன்ற உலகங்களில் அந்தச் சாக்கும் கிடையாது. அங்கே நடுவில் நிறுவனமே இல்லை.

*

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? பட்டறிவிலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது நேரம். மூன்று மணி நேர ஆட்டத்துக்குப் பின்னால் எத்தனை மாலைகள் கரைந்திருக்கின்றன என்பதை, ஒருமுறை தாமே நடத்திப் பார்த்தவர்தாம் அறிவார். வர இயலாதென்றால் முன்கூட்டியே ஒரு வரி எழுதிவிட வேண்டும். நால்வருக்கென்று எழுதப்பட்ட கதையில் ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டால் மற்ற மூவரின் மாலையும் கெடுகிறது. ஆட்டத்தை விட்டே விலகுவதென்றாலும் சொல்லிக்கொண்டு விலக வேண்டும். சொல்லாமல் போனவரின் பாத்திரத்தைக் கதைக்குள் என்ன செய்வதென்று தெரியாமல், வாரக்கணக்கில் காத்திருந்து தவித்த நடத்துநர்களை நாங்கள் அறிவோம்.

இரண்டாவது வாதம். விதியை நடத்துநர் தவறாகச் சொல்லலாம், அவரும் மனிதர்தானே. ஆனால் நடந்துகொண்டிருக்கும் காட்சிக்கு வேண்டியது ஒரு முடிவு, உடனே வேண்டும். கிரிக்கெட்டில் நடுவர் விரலை உயர்த்தியபின் மட்டையாளர் விதிநூலைப் புரட்டிக்கொண்டு ஆடுகளத்திலேயே நிற்பதில்லை. ஐயம் இருப்பின் ஒரே வரியில் குறித்துவிட்டு, ஆட்டம் முடிந்தபின் தனியாகப் பேசலாம். அப்போது நாமே தவறென்று தெரிந்தால், அதையும் எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் கயிற்றுப் பாலத்தின் விதியை ஆண்டுகள் கழித்து மீண்டும் பார்த்தோம். அவர் சொன்னதுதான் சரி. சரியாக இல்லாதிருந்தாலும் எங்கள் நடத்தை சரியாகிவிடாது. ஆயினும் பதிவு செய்கிறோம்.

மூன்றாவது முறையீடு. உதவி கேட்கையில் எந்தப் பாத்திரம், எந்த இடம், எப்போது, என்ன நடந்தது என்ற நான்கையும் ஒரே மடலில் எழுதிவிட வேண்டும். "ஏதோ கெட்டுவிட்டது, உடனே வாருங்கள்" என்ற மனுவைப் படிப்பவர், இந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதற்குள் அரைமணி போய்விடும். வரிசையில் அடுத்து நிற்பவரின் அரைமணி அது. ஒரே மனுவைப் பத்து முறை போட்டால் வரிசை பத்து மடங்கு நீளுமே தவிர விரையாது. தன்னார்வலரின் அதிகாரம் வரம்புக்குட்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவரால் செய்ய இயலாததை, அவர் செய்ய மறுப்பதாக எண்ணிக்கொள்வது பொதுவான பிழை.

நான்காவது மொழி. நம்மில் பெரும்பாலோர் ஆடுவது ஆங்கிலத்தில். பல வேளைகளில் அது நமக்கும் தாய்மொழியன்று, நடத்துநருக்கும் தாய்மொழியன்று. தமிழில் 'கொஞ்சம் பாருங்களேன்' என்பதில் இருக்கும் குழைவு, அவசரமாய்த் தட்டச்சிட்ட மூன்று ஆங்கிலச் சொற்களில் காணாமல் போகிறது. எஞ்சுவது ஓர் ஆணை. குரலும் முகமும் செய்ய வேண்டிய வேலையையும் சொற்களே செய்தாக வேண்டிய இடத்தில், கூட ஒரு சொல் செலவழிப்பதால் யாரும் ஏழையாகிவிடப் போவதில்லை.

ஐந்தாவது பங்கு. மட் விளையாட்டைக் கண்ட ரிச்சர்ட் பார்ட்டில் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார். நம் மொழியில் சொன்னால் சாதிப்போர், தேடுவோர், உறவாடுவோர், கொல்வோர். ஒவ்வொரு வகையினரும் நடத்துநரைக் களைப்படையச் செய்யும் விதம் வேறு. சாதிப்பவர் ஒவ்வோர் அடிக்கும் பரிசு கேட்பார். தேடுபவர் கதை வடக்கே காத்திருக்க, தெற்கே வரைபடத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருப்பார். உறவாடுபவர் ஆட்டத்தின் நடுவே தனிமடலில் அரட்டைக்கு அழைப்பார். கொல்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தாம் எவ்வகை என்று அறிந்துகொண்டால், பிறர் பங்கையும் தாமே தின்றுவிடாமல் இருக்கலாம். நடத்துநரின் கவனம் எல்லா இலைக்கும் பரிமாற வேண்டிய பண்டம்.

ஆறாவது நன்றி. 'நன்றாக இருந்தது' என்பது போதாது. எந்த இடம் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். "அந்த மீன்காரி தன் மகனைப் பற்றிப் பேசியபோது சற்று நேரம் எனக்குத் தட்டச்சிட முடியவில்லை" என்று ஒருவர் எழுதினால், அந்த நடத்துநர் இன்னொரு மாதம் உழைப்பார். எழுத்தாளர்களுக்கு வாசகர் கடிதம் எழுதுவதைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், இந்த எழுத்தாளர்களுக்கு ஒரு வரி எழுதுவதில்லை. இவர்கள் எழுதியதைப் படித்தவர்கள் உலகிலேயே நான்கு பேர்தான். அந்த நால்வரும் வாய் திறக்காவிட்டால் வேறு யார் சொல்வது?

*

இவ்வளவும் சொன்னபின், மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கட்டுரை ஒருதலைப்பட்சமாகிவிடும். எல்லா நடத்துநர்களும் தியாகிகள் அல்லர். வேண்டியவருக்கு வாளும் வேண்டாதவருக்குப் பள்ளமும் தரும் நடத்துநர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். சிறு உலகத்தில் கிடைக்கும் பேரதிகாரம் சிலருக்குத் தலைக்கேறுவது இயல்பு. மரியாதை வேறு, அடிமைத்தனம் வேறு. ஒருவர் இலவசமாக உழைக்கிறார் என்பது அவர் பிறரை அவமதிப்பதற்கான உரிமமாகாது. ஆட்டம் தொடங்கும் முன்பே கதையில் எவை வரலாம், எவை வரக்கூடாது என்று கூடிப் பேசிக்கொள்ளும் நல்ல வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. 'எக்ஸ் கார்டு' என்றொரு எளிய முறையும் உண்டு. மேசை நடுவே எக்ஸ் எழுதிய அட்டை ஒன்று இருக்கும். கதை தாங்கொணாத இடத்துக்குச் செல்கையில் எவரும் அதைத் தொடலாம். காரணம் கேட்காமல் அந்த இடத்தைக் கடந்து செல்வார்கள். ஆட்டக்காரரின் மனத்துக்கு நடத்துநர் தரும் மரியாதை அது. மரியாதை இரு திசையிலும் ஓட வேண்டியது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

நடத்துநர் தவறிழைத்தால், நடந்ததன் பதிவை வைத்துக்கொண்டு முதலில் அவரிடமே தனியாகக் கேட்கலாம். தீரவில்லையெனில் மற்ற நடத்துநர்களிடம் கொண்டு செல்லலாம். அதுவும் பயனளிக்காவிட்டால் வணக்கம் சொல்லி விலகலாம். நடுச்சபையில் கூச்சலிடுவது இம்மூன்றில் எதுவும் அன்று.

காவலர்களே இல்லாமல் இருந்துவிடலாமே என்று எண்ணுவோருக்கு ஒரு பழைய நிகழ்ச்சி. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்டிஸ் 1990இல் தொடங்கிய 'லாம்ப்டாமூ' என்னும் எழுத்துலகில், பூசல்களைத் தீர்த்துத் தீர்த்துச் சலித்த விசார்டுகள், 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டனர். இனி நாங்கள் தொழில்நுட்பப் பணி மட்டுமே செய்வோம், சமூக விவகாரங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே ஒருவன் பிறர் பாத்திரங்களைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து பொதுவெளியில் பாலியல் வன்முறையை எழுதிக் காட்டினான். கூடிப் பேசியவர்களால் ஒரு முடிவுக்கும் வர இயலவில்லை. இறுதியில் விசார்ட் ஒருவர் தாமாகவே அந்தப் பாத்திரத்தை நீக்கினார். அதன்பின் மனுக்களும் வாக்கெடுப்பும் கொண்ட ஓர் ஏற்பாடு வந்தது. 1996இல் விசார்டுகள் மீண்டும் ஓர் அறிவிப்பு வெளியிட்டனர்: சமூக முடிவுகளிலிருந்து விலகி நிற்பது நடவாத காரியம் என்று கண்டுகொண்டோம், மறுபடியும் பொறுப்பேற்கிறோம் என்று. நான்கு ஆண்டுப் பட்டறிவு அது. மனிதர் கூடும் இடத்தில் யாரோ ஒருவர் அந்தச் சுமையைச் சுமந்தே ஆக வேண்டியிருக்கிறது. அதைச் சுமப்பவருக்குச் சுமையைக் குறைப்பதோ கூட்டுவதோ நம் கையில்.

குறைப்பதற்கு மிகச் சிறந்த வழி, ஒருமுறையேனும் நாமே நடத்திப் பார்ப்பதுதான். நாங்கள் நால்வரும் அதன்பின் முறைவைத்து நடத்தத் தொடங்கினோம். முதல் இரவிலேயே, எங்களில் ஒருவர் இரண்டு வாரம் எழுதி வைத்திருந்த அரண்மனைக்குள் ஆட்டக்காரர்கள் எட்டியும் பார்க்கவில்லை. வாசலில் நின்ற குதிரைக்காரனிடம் விலை பேசியே பொழுதைக் கழித்தார்கள். அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை. குதிரைக்காரனுக்கு ஒரு பெயர் வைத்து, அவன் வாயால் பேசிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்தபின் மற்ற மூவரும் ஆளுக்கொரு வரி எழுதினோம்.

அந்த ஐரோப்பிய நண்பருக்கும் எழுதினோம், மூன்று ஆண்டுகள் தாமதமாக. விளக்கைக் கண்டெடுத்தோம் என்று எழுதினோம். பழைய முகவரி செயலற்றுப்போயிருந்ததால் மடல் திரும்பி வந்துவிட்டது. இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் நாளை மாலை ஓர் ஆட்டம் இருக்குமானால், ஆட்டம் முடிந்ததும் வெளியேறுவதற்கு முன் இரண்டு நிமிடம் நின்று ஒரு வரி எழுதிவிடுங்கள். முகவரி இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது.